பிந்தி வரும் மேளக்காரர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒக்ரோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் இது நடந்தது. இடம் ஹம்பேர்க். துறைமுகத்துக்குக் கிட்ட, பழைய சரக்கு அறை ஒன்றைப் பாட்டுக் கிளப்பாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அதன் பின்பக்கக் குசினியில், பின்னேரம் ஐந்து மணி போல. வெளியே தூறல். உள்ளே என் ஆட்டிறைச்சிக் கறி. அந்த வாசத்துக்கு நடுவில் நான் ஊரையே வென்றவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி நானே சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்து இறங்கியபோது ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது. அகதி விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்றுகூட இன்னொருவர்தான் விரலால் தொட்டுக் காட்டினார். ஆறு வருடம் ஓர் இத்தாலிய உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். கழுவிக்கொண்டே சமையலைக் கண்ணால் களவெடுத்தேன். இன்றைக்கு இந்த நகரத்தில் மூன்று கிளப்புகளில் பாட வருகிறவர்களுக்கு என் கையால்தான் சாப்பாடு. பட்டம் பெற்றவர்கள் எல்லாம் கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணை, இந்த வெள்ளைக்காரரை எப்பிடி மடக்கினனீங்கள்?" என்று கேட்பார்கள். நான் வலது கையைத் தூக்கிக் காட்டுவேன். வேறு பதில் சொல்ல மாட்டேன்.

வெளியூர் இசைக்குழுவைக் கூப்பிட்டால், மேடை ஏறுமுன் அவர்களுக்குச் சூடான சாப்பாடு போடுவது இங்கத்தைய கிளப்புகளின் வழக்கம். எத்தனை பேர், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று குழு முன்கூட்டியே மெயிலில் ஒரு தாள் அனுப்பும். அந்தத் தாளில் நான் பார்ப்பது மேலே இருக்கிற எண்ணிக்கையை மட்டும்தான். மிச்சத்தை மகள் வாசித்து, தொலைபேசியில் குரல் பதிவாக அனுப்பிவிடுவாள். அவள் இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்திலேயே எனக்கு வாசித்துச் சொல்லத் தொடங்கி, காப்புறுதி அலுவலகத்தில் பெரிய வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. நான்தான் அவள் அனுப்புவதை முழுக்கக் கேட்பதில்லை. எண்ணிக்கை தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தவன்.

இனி அந்தக் குழு. இங்கிலாந்தின் வடக்கில், ஆலைகள் மூடிப்போன ஒரு சின்ன ஊர்க்காரர்கள். நாலு பேர். பாடுகிறவர் ஒருவர், கிட்டார் வாசிக்கிறவர் ஒருவர், பேஸ் கிட்டாரோடு ஒரு பெண், பிறகு மேளக்காரர். டிரம்ஸ் என்று சொல்கிறார்கள், எனக்கு அது மேளம்தான். இவர்களை 'இண்டி' என்பார்களாம். என்ன சங்கதி என்று மகளைக் கேட்டேன். பெரிய கம்பனிகளை நம்பாமல், தங்கள் பாட்டைத் தாங்களே செய்து, தங்கள் சாமானைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் என்றாள்.

"அப்ப நானும் இண்டிதான்," என்றேன்.

"ஓம் அப்பா. நீங்கள்தான் முதல் இண்டி," என்று சிரித்தாள்.

நான் சொல்லும் வியாழக்கிழமைக்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் முதல்முறை வந்தார்கள். கதவு சரியாகப் பூட்டாத ஒரு பழைய வான் வண்டி. அதற்குள்ளேதான் மேளம், கிட்டார், படுக்கை எல்லாம். அன்றைக்குப் பாட்டுக் கேட்க வந்தது முப்பது பேர் இருக்கும். ஆனால் குசினிக்கு முன்னறையில், என் மேசையில் அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே! பாடகர் மூன்று தரம் சோறு வாங்கினார். அந்தப் பெண் கறிச் சட்டியைப் பாண் துண்டால் துடைத்துச் சாப்பிட்டாள்.

மேளக்காரர் மட்டும் பிந்தித்தான் வந்தார். நல்ல உயரம், செம்பட்டைத் தாடி, அவசரமில்லாத, ஆறுதலான நடை. மற்றவர்கள் பாதி சாப்பிட்டு முடிந்த பிறகு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வானுக்குள் நித்திரை என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்று, இவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்தேன். யாருக்குப் போட்டாலும் அப்படி நின்று பார்ப்பது என் பழக்கம். அவர் ஆட்டிறைச்சியில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். கண் நிறைந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். அடுத்த துண்டு. மறுபடி தண்ணீர். குவளை முடிந்து நான் இன்னொரு குவளை கொண்டுபோய் வைத்தேன். தட்டை வெறுமையாக்கிவிட்டு என்னைப் பார்த்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

என் கறியின் ருசிக்கு ஒரு வெள்ளைக்காரன் அழுதான் என்று நான் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன், எத்தனை பூப்புனித நீராட்டு விழாவில் சொல்லியிருப்பேன். கணக்கில்லை.

அதன் பிறகு அவர்கள் வருடம் தவறாமல் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் மேளக்காரர் பிந்தித்தான் வருவார். ஒவ்வொரு முறையும் நான் மேசைத் தலைமாட்டில் நின்று, பாதி ஜெர்மனும் பாதி இங்கிலீசுமாகக் கத்துவேன்: "எங்கே என் நித்திரைக்காரன்? போய் எழுப்புங்கள், இல்லாவிட்டால் அவன் பங்கை நான் சாப்பிடுவேன்!" எல்லாரும் சிரிப்பார்கள். பாடகர் எழும்பிப் போய் அவரைக் கூட்டி வருவார். அது எங்களுக்குள் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு குழுவின் ஏற்ற இறக்கம் பத்திரிகைக்காரனுக்குத் தெரிய முன்னமே சமையல்காரனுக்குத் தெரியும். தட்டுகளின் எண்ணிக்கை சொல்லிவிடும். நாலு தட்டு ஒரு வருடம் ஏழானது. சத்தம் பார்க்க ஓர் ஆள், வண்டி ஓட்ட ஓர் ஆள், குழுவின் பேர் போட்ட சட்டை விற்க ஓர் ஆள். அந்த வருடம் அவர்களுடைய பாட்டு ஒன்றை சுப்பர்மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றபோது கேட்டேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மாவிடம், இவர்கள் என்னுடைய ஆட்கள் என்று சொன்னேன். அவ நம்பவில்லை. அடுத்த வருடம் இருபத்திரண்டு தட்டு. படுக்கை வைத்த பெரிய பஸ். கிளப்பில் இல்லை, நகரத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான ஆட்கள் நிற்கிற பெரிய மண்டபம். அங்கே சாப்பாட்டுக்கு வேறு கம்பனி. ஆனால் பாடகர், எங்களுக்கு அந்த மனிதரின் சாப்பாடுதான் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். சட்டிகளை ஏற்றிக்கொண்டு பாதுகாப்புக் கதவுகளுக்குள்ளால் நான் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்தில் நடுவில் நிற்பது நான்தான். இப்போதும் குசினிச் சுவரில் தொங்குகிறது.

பிறகு தட்டுகள் குறையத் தொடங்கின. இருபத்திரண்டு பதினொன்றானது, பதினொன்று ஆறானது. அடுத்து வந்த பாட்டுகள் சரியாகப் போகவில்லை என்றார்கள். சனத்துக்கு வேறு குழுக்கள் பிடித்துவிட்டன. கிட்டார்க்காரர் பிழைப்புக்கு ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டு, லீவில் மட்டும் வாசித்தார். பாடகரின் தலை நரைத்தது. கடைசியில் அதே துறைமுகக் கிளப்புக்கு, இன்னொரு பழைய வானில், அதே நாலு பேராக வந்து இறங்கினார்கள். ஒரு வார்த்தை முறைப்பாடு இல்லை. நான் அன்றைக்கு வழமையை விடக் கூடத் தூள் போட்டு, கூட இறைச்சி போட்டுச் சமைத்தேன். விழுந்தவர்களுக்கு ஒரு கரண்டி கூடப் போடவேண்டும் என்பது என் எண்ணம். மேளக்காரர் அன்றைக்கு மூன்று குவளை தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர்கள் வரவில்லை.

மூன்றாம் வருடம் தாள் வந்தது. மேலே '4' என்று இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மகளின் குரல் பதிவு மூன்று நிமிடத்துக்கு மேல் நீளம். "அப்பா, அந்த இங்கிலாந்து ஆக்கள் திரும்ப வருகினம். வியாழக்கிழமை. நாலு பேர். ஆனா அப்பா, இதைக் கட்டாயம் கடைசி மட்டும் கேளுங்கோ..." அவ்வளவில் நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரியாத என்ன இருக்கிறது அவர்களைப் பற்றி?

அந்த வியாழக்கிழமை, எப்போதும் போல, நானும் மனைவியும் இரண்டு மணிக்கே குசினிக்குப் போய்விட்டோம். அவ சோறும் பருப்பும் பார்க்க, நான் கறி பார்த்தேன். நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் அடித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. அடி கொஞ்சம் வேகமாக இருந்தது போல ஒரு நினைப்பு. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாலு தட்டு வைத்தேன், நாலு குவளை வைத்தேன்.

ஐந்து மணிக்குப் பாடகரும் கிட்டார்க்காரரும் அந்தப் பெண்ணும் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கூடவே மொட்டைத்தலையோடு ஒரு நடு வயதுக்காரர். முன்பின் கண்டதில்லை. வண்டி ஓட்டுகிறவராக்கும் என்று நினைத்தேன். அவர் உட்காராமல் சுவரோரம் நின்றார். மூன்று பேர் உட்கார, நாலாவது கதிரை வெறுமையாக இருந்தது.

இரண்டு வருடத்துப் பழக்கத்தைச் சேர்த்து வைத்துக் கத்தினேன்.

"எங்கே என் நித்திரைக்காரன்? இரண்டு வருடமாகவா நித்திரை? போய் எழுப்புங்கள்!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

பாடகர் கரண்டியை மெல்ல வைத்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு அது இலேசாகப் போயிருக்கும். கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி, எழும்பி, பின்கதவால் வெளியே போய்விட்டார்.

பேஸ் வாசிக்கிற பெண் என் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போனாள். எனக்கு விளங்கவேண்டும் என்று சின்னச் சின்ன வார்த்தைகளாகச் சொன்னாள். மேளக்காரர் இறந்து ஒன்றரை வருடம். இங்கிலாந்தில் ஒரு ஊருக்குப் பாடப்போன இடத்தில், தங்கியிருந்த வீட்டில், நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது. காலையில் அவரை எழுப்பப் போனது பாடகர்.

அதற்குப் பிறகு பாடகர் ஒரு மேடையிலும் பாடவில்லை என்றாள். இதுதான் முதல் தடவை. மொட்டைத்தலைக்காரர் புது மேளக்காரர், மாதக்கணக்கில் பாட்டுகளைப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கே தொடங்குவது என்று பேசியபோது ஹம்பேர்க் என்று சொன்னது பாடகர்தான். அங்கே அவனைத் தெரிந்த ஒரு மேசை இருக்கிறது, அதில் இருந்து சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம் என்றாராம். எல்லாவற்றையும் மெயிலில் எழுதினோமே, கிடைக்கவில்லையா என்று கேட்டாள். கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக அவள் சொன்னது இதுதான்: "இன்றைக்கு அவன் பாடாவிட்டால் இனிப் பாட மாட்டான். எங்கள் குழு இந்த வாசலோடு முடிந்துவிடும்."

எட்டு மணிக்கு நிகழ்ச்சி. முன்வாசலில் அப்போதே நாலைந்து பேர் குடையோடு நின்றார்கள்.

குசினிக்குள் போனேன். மனைவி என்னைக் கண்டதும் அகப்பையை வைத்துவிட்டா.

"இஞ்சாருங்கோ, என்ன நடந்தது? ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

சொன்னேன். அவ வெங்காய மூட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டா.

"ஆர்? அந்தத் தாடிக்காரப் பிள்ளையோ? சொதி கேக்கிற பிள்ளையோ?"

"என்ன சொதி?"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா. "அவனுக்கு உறைப்பு ஏலாது. வாயெல்லாம் புண்ணாப் போயிடுமாம். முதல் முறை வந்து பின்கதவடியிலை நிண்டு, கையாலை காட்டிக் கேட்டவன். நான் பச்சைமிளகாய் போடாமல் சின்னச் சட்டியிலை தேங்காய்ப்பால் சொதி வைச்சுக் குடுத்தனான். அதை விட்டுச் சோத்தைப் பிசைஞ்சு, இந்தா இதிலை நிண்டு சாப்பிட்டான். அதுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அதுதான். வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுத்தான் உங்கடை மேசைக்கு வருவான்."

"அப்ப அவன் நித்திரை கொள்ளேல்லையோ?"

"என்ன நித்திரை? நீங்கள் அங்கை நிண்டு கத்த, அவன் இஞ்சை நிண்டு சிரிப்பான்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னாக் கேப்பியளோ? என்ரை கறியைக் குறை சொல்ல எவன் இருக்கிறான் எண்டு குதிப்பியள். அதோடை அவன் வாயிலை விரல் வைச்சு, அவருக்குச் சொல்லாதேங்கோ எண்டவன்."

அவ குளிர்ப்பெட்டியைக் காட்டினா. "இண்டைக்கும் வருவான் எண்டு தேங்காய்ப்பால் பிழிஞ்சு வைச்சனான்," என்று சொல்லி மறுபடி அழத் தொடங்கிவிட்டா.

வெட்கத்தை எழுதுகிறவர்கள் எப்படி எழுதுவார்களோ எனக்குத் தெரியாது. காது இரண்டும் சுட்டது. வருடக்கணக்காக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கண்ணீர், ருசியால் வந்த கண்ணீர் இல்லை. ஒரு மனிதர் நிறைந்த வயிற்றோடு வந்து உட்கார்ந்து, வாய் எரிய எரிய, என் முகத்துக்காக என் கறியைச் சாப்பிட்டிருக்கிறார். அவரைத்தான் நான் நித்திரைக்காரன் என்று பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது செத்த பிறகும் விடவில்லை.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. எங்களுடைய ஆட்கள் போனால் திவசத்தன்று என்ன செய்வோம்? அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டு, பிறகு இருக்கிறவர்கள் பகிர்ந்து சாப்பிடுவோம். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அது ஒன்றுதான். வாயால் கேட்க என்னிடம் இங்கிலீசு இல்லை.

"அந்தச் சின்னச் சட்டியை எடு. நான் வைக்கிறன்," என்றேன்.

"உங்களுக்குச் சொதி வைக்கத் தெரியாது."

"சொல்லித் தா."

உண்மைதான். நான் சொதி வைத்ததே இல்லை. இடியப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள வீட்டில் வைக்கிற ஒன்று, அதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது என்று நினைத்திருந்தவன். வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள். தண்ணிப்பாலில் அவிந்த பிறகு கட்டியான முதற்பாலை விட்டேன். என் கை தன்னாலே அடுப்பைக் கூட்டப் போனது. அவ என் கையைத் தட்டிவிட்டா.

"கொதிக்க விடாதேங்கோ, திரைஞ்சு போகும். கிண்டிக்கொண்டே நில்லுங்கோ. அவசரப்படாதேங்கோ."

பெரிய நெருப்பில் வேலை செய்து பழகிய கை இது. மெல்லிய நெருப்பில் ஒரு சின்னச் சட்டியைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றது, ஆட்டிறைச்சி இருபது கிலோ சமைப்பதை விடக் கஷ்டமாக இருந்தது. இறக்கி வைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டேன். அவ கரண்டி நுனியால் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டினா.

ஒரு தட்டில் சோறு, கிண்ணத்தில் சொதி, ஒரு குவளை தண்ணீர். தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனேன். தூறல் விடவில்லை. வானின் பக்கக் கதவு திறந்திருந்தது. பாடகர் முன்சீட்டில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எங்கேயோ ஓட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சாவி கையில் இருந்தது.

பின்சீட்டு நீளமாக வெறுமையாகக் கிடந்தது. அதில் தட்டை வைத்தேன், கிண்ணத்தை வைத்தேன், தண்ணீரை வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பார்த்து, கையைக் கீழே விட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீசில், எங்கள் வழக்கம் இது, அவர் சாப்பாடு இது, இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், நான் மடையன் என்று சொன்னேன். மடையனுக்கு இங்கிலீசு மறக்காமல் வந்தது.

அவர் திரும்பிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"உங்கள் மனைவி செய்ததா?"

"இல்லை. நான்."

"நீங்கள் செய்தது என்றால் அவன் தொடப் பயப்படுவான்," என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது. நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்து அழுதார். நான் மழையில் நின்றேன்.

அழுது முடிந்து அவரே சொன்னார். ஒவ்வொரு வருடமும் ஜெர்மன் எல்லையைத் தாண்டியதுமே மேளக்காரர், ஹம்பேர்க் வருகிறது, என் நாக்குக்குப் பிரியாவிடை சொல்லுங்கள் என்று பகிடி விடுவாராம். எல்லாரும் சேர்ந்துதான் அந்த நித்திரைக் கதையைக் கட்டினார்களாம். உண்மையைச் சொல்லிவிடு என்று பாடகர் பல தடவை கேட்டிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன பதிலை, பாடகர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நாங்கள் சாப்பிடும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாயா? அதைக் கெடுக்க என்னால் முடியாது."

மற்ற இருவரும் முற்றத்துக்கு வந்திருந்தார்கள். மனைவி கரண்டிகளோடு கதவடியில் நின்றா. பாடகர் இறங்கி வந்து பின்சீட்டின் ஓரத்தில் இருந்தார். சோற்றில் சொதியை விட்டு, ஒரு வாய் சாப்பிட்டார். தட்டைப் பெண்ணிடம் கொடுத்தார், அவள் கிட்டார்க்காரரிடம் கொடுத்தாள். மொட்டைத்தலைக்காரர் தூரத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், தனக்கு அந்த இடத்தில் வேலையில்லை என்பது மாதிரி நனைந்துகொண்டு நின்றார். பாடகர் எழும்பித் தட்டை அவரிடம் கொண்டுபோனார். தான் சாப்பிட்ட கரண்டியையே அவர் கையில் கொடுத்தார். அந்த மனிதர் தலையைக் குனிந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். வானுக்குள் அந்தக் குவளைத் தண்ணீரை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

வானின் கதவைப் பூட்டிவிட்டு, பாடகர் உள்ளே போனார்.

அன்றைக்கு எட்டு மணிக்கு நான் முதல்முறையாக அவர்களுடைய பாட்டைக் கேட்கப் போனேன். பன்னிரண்டு வருடம் சோறு போட்டிருக்கிறேன், ஒரு பாட்டை நின்று கேட்டதில்லை. அந்த இரைச்சல் எனக்குத் தலையிடி என்று சொல்லிக்கொண்டு சட்டி கழுவுவேன். அன்றைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு, மண்டபத்தின் பின்சுவரோடு நின்றேன். இருநூறு பேர் வந்திருப்பார்கள். புது மேளக்காரர் தன் மேளத்தை ஒரு பக்கமாகத் தள்ளிப் போட்டிருந்தார். நடுவில் பழையவர் இருந்த இடம் வெறும் பலகையாகக் கிடந்தது.

பாடகர் மைக்கைப் பிடித்தார். பொய் சொல்ல மாட்டேன், இப்போது என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லப் போகிறார் என்று நினைத்து, சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாடத் தொடங்கினார். மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் குரல் நின்றுபோனது. பேஸ் வாசிக்கிற பெண் அந்த வரியை எடுத்தாள். பிறகு மண்டபம் முழுக்க எடுத்தது. ஒரு வார்த்தையும் விளங்காத என் மனைவி கண்ணைத் துடைத்தா. அவர் விட்ட இடத்தில் இருந்து மறுபடி பிடித்துக்கொண்டு, கடைசிப் பாட்டு வரைக்கும் பாடி முடித்தார். இது என்னைப் பற்றிய நாள் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அறுபது வயது தாண்டியவனுக்கு அது விளங்க ஒரு குழுவின் பாதிச் சரித்திரம் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தபோது அந்த மூன்று நிமிடக் குரல் பதிவை அவளுக்கு முன்னாலேயே கடைசி வரை கேட்டேன். பிறகு, பழைய தாள்கள் இருக்கிறதா, தேடித் தா என்றேன். கணினியில் எல்லாம் வைத்திருந்தாள். முதல் வருடத்துத் தாளில், அடியில் ஒரு வரி: மேளக்காரருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது, தயவுசெய்து கவனிக்கவும்.

"இதை எனக்கு அப்பவே சொன்னனியோ?"

"சொன்னனான் அப்பா. நீங்கள் எத்தினை பேர் எண்டு மட்டும் கேட்டனீங்கள்."

இரண்டாம் வருடத்துத் தாளைத் திறந்தாள். அந்த வரி இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு தாளிலும் இல்லை. என்னை ஒருமுறை பார்த்த பிறகு மேளக்காரர் அதை எடுத்துவிட்டார்.

அவர்கள் இப்போதும் வருகிறார்கள். பெரிய மண்டபம் இனி வருமோ தெரியாது, இருநூறு பேர் வருகிறார்கள், அவர்களுக்கு அது போதும் போலத் தெரிகிறது. மொட்டைத்தலைக்காரர் என் ஆட்டிறைச்சியை உண்மையாகவே விரும்பிச் சாப்பிடுகிறார். மனைவியிடம் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். நாலு பேர் வந்தால் நான் ஐந்து குவளை வைக்கிறேன். சொதி நான்தான் வைக்கிறேன், இந்த நகரத்தில் என்னை விட நன்றாகச் சொதி வைக்க ஆளில்லை என்று நினைக்கிறேன், ஆனால் அதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கல்யாண வீடுகளில் அழுத வெள்ளைக்காரனின் கதையை யாராவது கேட்டால், இப்போது முழுக் கதையையும் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் குனிந்து தங்கள் தட்டைப் பார்க்கிறார்கள். இப்போதும் யாராவது தட்டைக் காலி செய்துவிட்டு, நல்லாயிருக்கு என்று பெருவிரலைத் தூக்கிக் காட்டினால், அவர் முகத்தைப் பார்க்க முன்னம் அவருடைய தண்ணீர்க் குவளையைத்தான் பார்க்கிறேன்.